இடுப்பில் பார்வைத் துளை விழுந்த அறுபது கதவுகள்

மச்சினன் செய்த தப்புக்காக ஆறு வருஷமாக லாரியில் கதவு ஏற்றுகிற மனுஷன், அதே மச்சினன் வந்து நின்றால் நாற்காலியா எடுத்துப் போடுவார்? நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

அதற்கு முன்னால் அவர் அந்தக் கதவுத் தொழிற்சாலையில் துளை போடும் மெஷின்காரர். அளவெல்லாம் கம்ப்யூட்டரிலிருந்து நேராக மெஷினுக்கு வந்துவிடும். பலகையை வைப்பது மட்டும் இவர் வேலை. புரோகிராம் எழுதியது மனைவியின் தம்பி. ஒருநாள் அறுபது கதவுகளில் பூட்டுத் துளை கழுத்து உயரத்திலும், வெளியே எட்டிப் பார்க்கிற துளை இடுப்பு உயரத்திலும் விழுந்தது.

"பலகையைத் தலைகீழா வெச்சிருப்பார்" என்று மச்சினன் முதலாளியிடம் சொல்லிவிட்டான். தலைகீழென்றால் அளவு இப்படி வராது என்று இவர் டேப்பை இழுத்துக் காட்டினார். எவன் பார்த்தான்? மெஷின் கைவிட்டுப் போனது. மனைவி இன்றுவரை தம்பி கட்சி.

"மாமா, புரோகிராமைப் புதுசா எழுதிட்டேன்."

"எழுது. இந்தத் தடவை யார் தலையை உருட்டப்போற?"

மச்சினன் தரையைப் பார்த்தான். "பழசுல ஒரு கதவுக்கு ஒன்பது எண்ணை வரிசையா ஒரே மூச்சுல கொடுக்கணும். நாலாவது பூட்டு, அஞ்சாவது பார்வைத் துளை. நான்தான் இடம் மாத்திக் கொடுத்துட்டேன். ரெண்டும் எண்ணுதானே, கம்ப்யூட்டர் வாயே திறக்கல."

"உனக்கு எப்போ தெரியும்?"

"அன்னைக்கே. சத்தமில்லாம திருத்திட்டேன்."

கை ஓங்கியேவிட்டார். அறைந்தால் வீட்டில் ஒரு மாதம் அடுப்பு எரியாது. இறக்கிக்கொண்டார்.

"இப்போ என்னத்தைக் கிழிச்சிருக்க?"

"பில்டர்னு ஒரு முறை. பூட்டு இவ்வளவு உயரம், கீல் இந்தப் பக்கம்னு ஒவ்வொண்ணா பேர் சொல்லிக் கொடுக்கணும். எது முன்னே எது பின்னேன்னு கவலையில்ல, வேண்டாததை விட்டுடலாம். கடைசியா 'பில்ட்'னு சொல்ற வரைக்கும் கதவே கிடையாது. சொன்னதும் எல்லாத்தையும் சரிபார்க்கிற மாதிரி எழுதியிருக்கேன். கீலை மறந்தா தராது. பூட்டு கழுத்துல இருந்தாலும் தராது."

"இதை அப்பவே எழுதினா கை தேய்ஞ்சிருக்குமா?"

"ஒன்பதுதானேன்னு அசட்டையா இருந்துட்டேன். இப்போ பதினாலு ஆயிடுச்சு. எனக்கே பயமா இருக்கு."

"பயம் வந்தாத்தான் மாமா கண்ணுக்குத் தெரியுறாரு."

இவர் லாரிக் கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டார். "முதலாளிக்குத் தெரியுமா?"

"நாளைக்குக் காலையில தெரியும். தெரிஞ்சா என் வேலை நிக்காது. திருத்துறதுக்கு முன்னாடி இருந்த பழைய புரோகிராமோட நகலைத் தப்போட அப்படியே வெச்சிருக்கேன், மாமா. நான் வெறும் வாயால சொன்னா அக்கா புருஷனுக்கு முட்டுக் கொடுக்கிறேன்னுதான் நினைப்பார். நீங்களே மெஷின் முன்னாடி நில்லுங்க. அவர் கண்ணெதிர்ல ஒரு பலகையை நேரா வெச்சு, அன்னைக்கு விழுந்த அதே துளைகளை இன்னொரு தடவை போட்டுக் காட்டுங்க."