கைப்பிடி இல்லாத கதவுகள்

என் தங்கையின் கணவரை எனக்குப் பிடிக்காது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவருக்கும் என்னைப் பிடிக்காது. கல்யாணத்துக்கு முன் எங்கள் வீட்டுக்கு வந்த முதல் நாளே வாசல் நிலையை ஒரு விரலால் தடவிப் பார்த்து, "வேலை சுத்தமில்ல" என்றார். அந்த நிலைக்கு வர்ணம் அடித்தவன் நான்.

ஆனால் அவருடைய வேலையைக் குறை சொல்ல முடியாது. முப்பத்து நான்கு வருடம் ஒரே பட்டறையில் மரப்பலகைகளுக்கு லேக்கர் என்னும் பளபளப்பு மெருகு அடித்தார். ஸ்ப்ரே கன்னால் ஒரு பூச்சு, காய்ந்ததும் வாட்டர் பேப்பரால் தேய்ப்பு, மறுபடி பூச்சு. பத்துப் பன்னிரண்டு முறை இப்படிச் செய்தபின் அவருடைய பலகையைப் பார்த்துச் சவரம் செய்துகொள்ளலாம். பட்டறையில் அவருக்குக் 'கண்ணாடி' என்றே பெயர். முடிந்த பலகையை அறையை இருட்டாக்கித்தான் சோதிப்பார். விளக்கைப் பலகையோடு ஒட்டிச் சாய்த்துப் பிடித்தால், பகலில் தெரியாத மேடுபள்ளமெல்லாம் நிழலாக எழுந்து நிற்கும். எழுந்தால் மறுபடி முதலிலிருந்து.

இவ்வளவும் ஊரார் வீட்டுக்கு. பெரிய வீடுகளின் சுவரெல்லாம் அவர் கைவேலை, ஒன்றிலும் அவர் பெயர் கிடையாது. அதனால் அறுபதில் ஓய்வு பெற்றதும் சொந்த வீட்டைப் பிடித்துக்கொண்டார். மூன்றாம் மாடியில் இரண்டு அறையுள்ள வீடு. நீர்த்தேக்கத்தில் தினமும் நீர்மட்டம் அளந்து எழுதும் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற நான், அதே கட்டடத்தில் இரண்டாம் மாடி. ஏப்ரல் ஆறாம் தேதி தொடங்கி செப்டம்பர் மூன்றாம் தேதி முடித்தார். அந்த ஐந்து மாதமும் என் தங்கை பிளாஸ்டிக் திரைக்குப் பின்னால் சமைத்தாள்.

முடிந்தபோது வீடு முட்டையின் உட்புறம்போல் இருந்தது. சமையலறையிலிருந்து படுக்கையறை வரை நீண்ட சுவர் முழுக்க ஒன்பது வெள்ளைப் பலகைகள். ஒவ்வொன்றும் எழுபத்தைந்து சென்டிமீட்டர், இடைவெளி மூன்று மில்லிமீட்டர். மூன்றாவது பலகை குளியலறைக் கதவு, ஆறாவது சாமான் அலமாரி, எட்டாவது படுக்கையறை. எதிலும் கைப்பிடி கிடையாது. தள்ளினால் திறக்கும். எது கதவு, எது சுவர் என்று கட்டினவருக்கு மட்டும் தெரியும். கடிகாரம், கல்யாணப் படம், துணி மாட்டும் கொக்கி எல்லாம் உள்ளே போய்விட்டன.

"கடிகாரத்தையாவது வெளிய மாட்டுங்களேன்" என்றாள் தங்கை.

"கைல போன் இருக்குல்ல? சுவத்துல ஆணி அடிக்கவா அஞ்சு மாசம் கஷ்டப்பட்டேன்?"

என் தங்கைக்கு இரண்டு வருடமாகக் கண்ணில் அழுத்தம். பக்கப் பார்வை குறைந்துகொண்டே வருகிறது, குழாய் வழியாகப் பார்ப்பதுபோல் இருக்கிறது என்பாள். காலையும் மாலையும் சொட்டு மருந்து. ஓரம், விளிம்பு, நிழல் என்று எதுவுமில்லாத அந்த வெள்ளையில் அவளுக்குப் பிடிமானமே இல்லாமல் போயிற்று. செப்டம்பர் ஒன்பதாம் தேதி, பாதி திறந்திருந்த அலமாரிக் கதவில் நெற்றியை இடித்துக்கொண்டாள். நவம்பர் முடிவதற்குள் இப்படிப் பதினொரு முறை. நடுவில் ஒருநாள் குளியலறை என்று நினைத்து அலமாரிக்குள் போய்விட்டாள்.

"தொடப்பத்துக்கிட்ட போய் சோப்பு எங்கேன்னு கேட்டேன் அண்ணே" என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மாப்பிள்ளைக்கு இது எதுவும் கண்ணில் படவில்லை. அவர் கண்ணில் பட்டது கைரேகை மட்டும். தோளில் ஒரு மெல்லிய துணியோடு காலையிலிருந்து சுவரைத் துடைத்துக்கொண்டே இருப்பார்.

"உனக்கு இருக்கிறது கையா, எண்ணெய்ச் சட்டியா?"

"முப்பத்திரண்டு வருஷமா இந்த எண்ணெய்ச் சட்டிதான் உங்களுக்கு வடிச்சுக் கொட்டுது."

நான் போய்க் கேட்டேன். "மூணு கதவுக்குக் கைப்பிடி வையுங்க மாப்பிள்ளை. கருப்பா, தடவினா தெரியிற மாதிரி."

"கைப்பிடி வச்சா அது வீடு இல்ல மச்சான், ஆஸ்பத்திரி. கண்ணு சரியில்லாதவளுக்கு வெளிச்சம்தானே வேணும்? வெள்ளையா அடிச்சது யாருக்காகன்னு நெனச்சீங்க?"

"அவளுக்காகன்னா அவளைக் கேட்டீங்களா?"

"நீர்த்தேக்கத்துல தண்ணி எத்தனை அடின்னு எழுதினவர் நீங்க. என் சுவத்துக்கு வராதீங்க."

டிசம்பர் பன்னிரண்டு காலை பதினொரு மணிக்குப் பழைய பட்டறை முதலாளி, படம் எடுப்பவரோடு வருவதாக ஏற்பாடு. பட்டறையின் விளம்பரப் புத்தகத்தில் இந்த வீட்டைப் போடப்போகிறார்கள், கீழே மாப்பிள்ளையின் பெயரோடு. வாழ்க்கையில் முதல் தடவை. பதினொன்றாம் தேதி மாலை நாலு மணிக்கு அவரே என் வீட்டுக்கு வந்து கூப்பிட்டார். சோதிப்பதற்கு விளக்குப் பிடிக்க ஆள் வேண்டுமாம். எனக்கும் பார்க்க ஆசையாக இருந்தது. போனேன்.

திரைகளை இழுத்துவிட்டார். நான் விளக்கைச் சுவரோடு ஒட்டிப் பிடித்தேன். ஒரு மேடுபள்ளம் இல்லை. ஆனால் தரையிலிருந்து எண்பத்து நான்கு சென்டிமீட்டர் உயரத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு மங்கல் பட்டை எழுந்தது. ஒன்பது பலகைகளிலும் ஒரே நேராக ஓடியது. மூன்றாவதிலும் எட்டாவதிலும் கொஞ்சம் தடித்திருந்தது.

"பாத்தீங்களா உங்க தங்கச்சி லட்சணத்தை! காலைலதான் துடைச்சேன்."

"அழுக்குக் கை இவ்வளவு நேரா போகுமா மாப்பிள்ளை?"

சமையலறை வாசலில் நின்றிருந்த என் தங்கை பதில் சொன்னாள். "எண்ணிக்கிட்டுப் போறேங்க. மூணாவது பாத்ரூம், எட்டாவது ரூம். நடுவுல நீங்க கத்தினா எண்ணிக்கை தப்பிடுது. அப்பதான் இடிச்சுக்கிறேன்."

அவர் அந்தப் பட்டையை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தார். புரிந்துவிட்டது என்று நினைத்தேன். பிறகு தோளிலிருந்து துணியை எடுத்தார்.

"நாளைக்கு ஒருநாள் மட்டும் தொடாம இரு."

ஒன்பது பலகைகளையும் துடைத்தார். நான் விளக்கைக் கீழே வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

மறுநாள் ஒன்பதரைக்கு அவர் முதலாளியை அழைத்துவரக் கிளம்பினார். ஒன்பது முப்பத்தைந்துக்குத் தங்கை என் கதவைத் தட்டினாள்.

"அண்ணே, துளை போடுற மெஷின் வச்சிருக்கியே, எடுத்துட்டு வா."

மாவு டப்பாவுக்குள்ளிருந்து மூன்று கருப்புக் கைப்பிடிகளை எடுத்தாள். வாங்கி ஒரு வாரம் ஆகிறதாம், அவரே வைப்பார் என்று காத்திருந்தாளாம். நான் அளவு நாடாவை எடுத்தேன்.

"அளக்காத. என் கை எங்க போகுதோ அங்க போடு."

அவள் கை வைத்த இடத்தில் கதவின் இருபுறமும் இரண்டிரண்டு பென்சில் குறி போட்டு, மூன்று கதவிலும் துளை போட்டு மாட்டினேன். எட்டாவது கதவில் நக அளவுக்கு லேக்கர் பெயர்ந்துவிட்டது. அது என் தவறு.

மாப்பிள்ளை, முதலாளி, படம் எடுப்பவர் மூவரும் உள்ளே வந்தபோது மணி பத்து ஐம்பது. மாப்பிள்ளை நேரே போய் எட்டாவது கதவில் பெயர்ந்த இடத்தை ஒரு விரலால் தடவினார்.

"யார் செஞ்சது?"

"போடச் சொன்னது நான்" என்றாள் தங்கை. மூன்றாவது கதவின் கைப்பிடியைப் பிடித்தபடி நின்றாள்.

"துளை போட்டது நான்" என்றேன்.

"உங்களை யாருய்யா என் வீட்டுக்குள்ள விட்டது?"

"நான்தான் விட்டேன். என் வீட்டுக்குள்ள."

முதலாளி சமாதானமாகப் பேசினார். "அட விடுப்பா. மூணையும் கழட்டிட்டுப் படம் எடுத்துட்டாப் போச்சு."

மாப்பிள்ளை தலையை ஆட்டினார். "கழட்டினா ஓட்டை தெரியும் முதலாளி. அடைச்சாலும் என் கண்ணுக்குத் தெரியும். வேண்டாம்."

முதலாளியும் படம் எடுப்பவரும் தங்கை கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்கள். விளம்பரப் புத்தகம் பிப்ரவரியில் வந்தது. வேறு யாருடைய வீடோ இருந்தது.

கைப்பிடி மாட்டிய நாளிலிருந்து பதினான்கு மாதமாக அவர் என்னோடு பேசவில்லை. மாடிப்படியில் எதிரே வந்தால் சுவரைப் பார்க்கிறார். தங்கையோடும் தேவைக்கு மேல் பேச்சில்லை. ஆனால் ஒரு வாரம் கழித்து மூன்று கைப்பிடிகளையும் கழற்றி, பெயர்ந்த இடத்தை நிரப்பி, மூன்று பூச்சு அடித்து, அதே உயரத்தில் திருப்பி மாட்டினார். மாட்டும்போது தங்கையிடம் சொன்னாராம்:

"எட்டாவது ரெண்டு மில்லிமீட்டர் சாஞ்சிருந்துச்சு. உங்கண்ணனுக்கு அளவாவது தெரியும்னு நெனச்சேன். அதுவும் தெரியல."

சுவரை இப்போதும் துடைக்கிறார், கைப்பிடிகளையும் சேர்த்து. என் தங்கை அதன்பின் ஒருமுறைகூட இடித்துக்கொள்ளவில்லை.

எட்டாவது கைப்பிடிக்கு நான் போட்ட பென்சில் குறிகள் கதவின் உட்புறம் இன்னும் இருக்கின்றன. அவர் வெளியே போயிருந்த ஒரு மத்தியானம் நாடாவோடு போய் அளந்து பார்த்தேன். ரெண்டு மில்லிமீட்டர் சரிதான்.