யூட்டின்ர மூச்சைத் திருப்பித் தந்தவர்

சகோதரங்களே, அழாமல் சாட்சி சொல்லோணும் எண்டுதான் வந்தனான். ஏலாட்டில் பொறுத்துக்கொள்ளுங்கோ.

கனடாவுக்கு வர முதல் நானும் என்ர மனுசனும் சாம்பியாவில ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்தில படிப்பிச்சனாங்கள். மழை தொடங்கினா அங்க இருமல் ஓயாது. ஒரு பிள்ளைக்குச் சுகமாக, அடுத்ததுக்குத் தொடங்கும். வகுப்பில பிள்ளையள் இருக்கிற வாங்குகள் வெறுமையாக் கிடக்கும். சன்னல் இல்லாத சின்ன மண்வீடுகள். உள்ளுக்கதான் விறகு அடுப்பு. அந்தப் புகைக்குள்ளதான் எல்லாரும் நெருக்கிப் படுக்கிறது. தாய்மார் கைக்குழந்தையை முதுகில கட்டிக்கொண்டே சமைப்பினம். சாப்பாடும் காணாது. மெலிஞ்ச பிள்ளையளுக்குச் சளி நெஞ்சுக்கு இறங்கினா, கனபேர் எழும்பிறேல்லை.

எங்கட மகள் அனிதாவுக்கும் வந்தது. ஒண்டரை வயசு. வெறும் தடிமன், சளி எண்டு நினைச்சம். பக்கத்து வீட்டு மேர்சி வந்து பிள்ளையின்ர சட்டையைத் தூக்கிப் பாத்தாள்.

"டீச்சர், மூச்சு இழுக்கேக்க விலாவுக்குக் கீழ குழி விழுகுது. இப்பவே கொண்டுபோங்கோ."

அவள் அப்பிடி ரெண்டு பிள்ளையளைப் புதைச்சவள்.

ஆஸ்பத்திரி நல்ல தூரம். வழியில ஆறு பெருகி றோட்டை மூடிப்போட்டுது. வாகனம் நிண்ட இடத்திலயே, என்ர மடியில, அனிதாவின்ர மூச்சு அடங்கிப் போச்சு.

அண்டையோட நான் செபத்தை விட்டிட்டன்.

பிறகு ரொறன்ரோவுக்கு வந்தம். அங்க மல்வேர்ன் பகுதியில இருக்கேக்க மகன் யூட் பிறந்தான். தொண்ணூற்றாறாம் ஆண்டு வின்ரர், அவனுக்குக் காய்ச்சல். கிளினிக்கில சாதாரண தடிமன் எண்டு அனுப்பிவிட்டினம். பின்னேரம் பால் குடிக்க மாட்டன் எண்டிட்டான். சட்டையைத் தூக்கினன். அதே குழி.

"இஞ்சேருங்கோ! அனிதாவுக்கு வந்ததுதான்!" எண்டு கத்தினன்.

ஸ்நோ கொட்டுது. ரக்சிக்குள்ள எனக்கு ஒரு செபமும் ஞாபகம் வரேல்லை. "ஆண்டவரே, இந்தமுறை பாதையை மூடாதேங்கோ" எண்டு மட்டும் கேட்டன்.

பாதை திறந்து கிடந்தது. நிமோனியா எண்டு சொல்லி உடன ஒட்சிசன் வைச்சினம். சில நாளில யூட் என்ர விரலைப் பிடிச்சுக்கொண்டு பால் குடிச்சான். இவர் கட்டில் கரையில முழங்காலில நிண்டு அழுதார். நானும் அழுதனான். எனக்கு அந்தச் சந்தோசத்துக்குள்ளயும் அனிதாதான் வந்து நிண்டாள். அந்த ஊரில உந்த ஒட்சிசன் இருந்திருந்தா அவளும் இருந்திருப்பாள்.

அவளை ஏன் திருப்பித் தரேல்லை எண்டு ஆண்டவரிட்ட இண்டைக்கும் கேக்கிறன். செபத்தை விட்டிருந்த நான் இப்ப அவரோட கதைக்கிறன். மேர்சியின்ர ஊர்ப் பிள்ளையளுக்காகவும் கேக்கிறன்.

பிள்ளையைப் பறிகுடுத்திட்டு அவரோட கோவமா இருக்கிற ஆரும் இஞ்ச இருந்தா, அந்தக் கோவத்தோடயே அவரிட்ட வாங்கோ. நான் அப்பிடித்தான் போனனான். அவர் என்னைத் தள்ளிவிடேல்லை.