அவள் மூடிய வால்வு

குடிநீர் வாரியத்தில் ஃபிட்டராக இருந்த அவரை எல்லோரும் ‘இரும்புப்பிடி’ என்றுதான் கூப்பிட்டார்கள். பழைய வால்வுகளால் வந்த பெயர் அது. அவற்றில் இரும்புக் கதவு இறங்கி அடியிலுள்ள பள்ளத்தில் உட்கார வேண்டும். பள்ளத்தில் மணல் சேர்ந்துவிட்டால் கதவு உட்காராது. தண்ணீர் கசிந்துகொண்டே இருக்கும். அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு, வால்வைத் திருகும் நீண்ட இரும்புச் சாவியைத் திருகுவார். திருகித் திருகியே வலது தோள் போயிற்று. அறுவை சிகிச்சை முடிந்து, கையைக் கழுத்தில் கட்டித் தொங்கவிட்டபடி வீட்டிலிருந்தார்.

தையல் வேலை பார்க்கும் மனைவிதான் அவருக்குச் சட்டை மாட்டி, தலை வாரிவிட்டாள். “கல்யாணத்தன்னிக்குக்கூட நீங்க இவ்வளவு அழகா இல்ல” என்று சிரிப்பாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை தெருக்கோடியில் குழாய் வெடித்து, வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. வாரியத்து ஆட்கள் ஊரின் மறுகோடியில் இருந்தார்கள். சாவி வீட்டில்தான் இருந்தது. கைதான் இல்லை.

“நான் திருகுறேன்” என்றாள்.

“உன்னால ஆகாதும்மா.”

“பாத்துட்டுச் சொல்லுங்க.”

அந்த வால்வை அண்மையில்தான் மாற்றியிருந்தார்கள். புதியதில் கதவு முழுக்க ரப்பர் போர்த்தியிருக்கும். அடியில் பள்ளம் கிடையாது. மணல் தங்காமல் தண்ணீரோடு போய்விடும். ஓரிரு மணல் துகள்கள் நின்றாலும் ரப்பர் அமுங்கி அதைச் சுற்றி மூடிக்கொள்ளும். “செருப்புக்குத்தான் ரப்பர்” என்று கேலி செய்தவர் அவர்.

சாலையிலிருந்த மூடியைத் திறந்து, சாவியை உள்ளே விட்டுத் திருகினாள். சாவி லேசாகச் சுழன்றது. தண்ணீர் மெல்லத் தணிந்தது.

“இப்ப கெட்டியா இருக்கு. இன்னும் இறுக்கட்டா?”

‘இறுக்கு’ என்று அவருக்கு நாக்கு நுனி வரை வந்துவிட்டது.

“வேண்டாம், ரப்பர் நசுங்கிடும். விட்டுடு.”

தண்ணீர் நின்றது. நனைந்த புடவையோடு மூச்சிரைக்க நின்றவள் அவருடைய தோளைப் பார்த்தாள்.

“இவ்வளவு லேசா மூடலாம்னா, இது முன்னாடியே வந்திருக்கக் கூடாதா?” என்றாள்.

அவர் இடது கையால் அவள் நெற்றியில் ஒட்டியிருந்த சேற்றைத் துடைத்தார்.

ஆட்கள் வந்து குழாயைச் சரிசெய்த பிறகு, ஒருவன் வால்வைத் திறக்கப் போனான்.

“இருப்பா, அவங்களே திறக்கட்டும்” என்றார். பிறகு மனைவியிடம், “மெதுவா, அவசரப்படாம திற. வேகமா விட்டா தண்ணி பாய்ஞ்சு குழாயை அடிச்சு உடைச்சிடும்.”

“தைக்கிறவளுக்குப் பொறுமையைச் சொல்லித் தரணுமாக்கும்” என்றபடி நிதானமாகத் திருகினாள். தெருவில் யாரோ “தண்ணி வந்துடுச்சு!” என்று கத்தினார்கள். இருவரும் ஈரக்காலோடு வீட்டுக்கு நடந்தார்கள்.