ஜெசியின் மாம்பழ ஐஸும் நான் இறக்கிய மெயின் ஸ்விட்சும்

என் தங்கை ஜெசிக்கு என்னைவிட ஒன்பது வயது குறைவு. அறிவு அதே அளவுக்கு அதிகம் என்று எங்கள் தெருவில் சொல்வார்கள். அந்தப் பேச்சைத் தொடங்கி வைப்பது பெரும்பாலும் நான்தான்.

காரைக்குடியில் சாக்கோட்டை ரோட்டில் எனக்குத் தையல் கடை. படிப்பு எட்டாவது. அதற்கு மேல் படித்திருந்தால் என்ன ஆகியிருப்பேன் என்று கேட்டால், இன்னும் மெதுவாகத் தைத்திருப்பேன் என்று என் மனைவி பெல்சி சொல்வாள். ஒரு சட்டைத் துணியை நான்கு முறை அளக்காமல் கத்திரியை எடுக்க மாட்டேன். ஒரு நூல் பிசகாது. பண்டிகைக்குக் கொடுத்த துணி பண்டிகைக்கு மறுநாள் கிடைக்கும், ஆனால் பிசகாது.

ஜெசி பிளஸ் டூ முடித்து, டைப்ரைட்டிங்கில் ஹையர் பாஸ் செய்துவிட்டு, ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். அவளுக்குச் சமையல் பைத்தியம். பத்திரிகையில் வரும் குறிப்புகளை வெட்டி, கோதுமைப் பசையில் நோட்டில் ஒட்டி வைப்பாள். வெட்டுவது கோணலாக இருக்கும். அவள் தூங்கிய பிறகு எடுத்து ஓரம் நறுக்கி நேராக ஒட்டி வைப்பேன். அப்படி நறுக்கியதில் இரண்டு குறிப்புகளில் சர்க்கரை அளவே போய்விட்டது. யாரைப் பார்த்தாலும் "இது எப்பிடிச் செய்றீக?" என்று கேட்பது இன்னொரு பழக்கம். பூந்திக்காரர், பரோட்டா மாஸ்டர், வண்டியில் ஐஸ் விற்கிறவர் என்று ஒருவரையும் விட்டதில்லை.

இத்தனை இருந்தும் ஒரு குறை. நாலு பேர் முன்னால் நின்றால் குரல் வராது. இரண்டு வருடத்துக்கு முன் ஒரு நர்சரிப் பள்ளியில் டீச்சர் வேலைக்குப் போனாள். பாடம் நடத்திக் காட்டச் சொன்னார்கள். மூன்றாவது பெஞ்சுக்குக் கேட்கவில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்கு வந்து அரைக் கிலோ மைதாவில் முறுக்குப் பிழிந்தாள். நாங்கள் ராத்திரி வரை தின்றோம்.

எங்கள் பங்குக் கோயில் மண்டபத்தில் மே மாதம் பெண்களுக்கு ஒரு மாத வகுப்பு நடக்கும். அதைப் பார்த்துக்கொள்கிறவர் செபஸ்தியம்மாள் டீச்சர், ஓய்வு பெற்ற தலைமையாசிரியை. 1995-ல் அந்த வகுப்பை எடுத்தது நான். ரவிக்கை வெட்டும் வகுப்பு. முதல் மூன்று நாளும் அளவு நாடாவை எப்படிப் பிடிப்பது என்று சொல்லிக்கொடுத்தேன். நான்காம் நாள் இரண்டு பேர்தான் வந்தார்கள். அதில் ஒருவர் மண்டபம் கூட்டுகிறவர்.

அதனால் அடுத்த வருடம் டீச்சர் உஷாராகிவிட்டார். ஜெசி போய், சமையல் வகுப்பு எடுக்க ஆசை என்று சொன்னதும், என் தங்கை என்பதை மனதில் வைத்தோ என்னவோ, "ஞாயித்துக்கிழமை சாயங்காலம் மாதர் சங்கத்துக் கோடை விருந்து இருக்கு. அதுல ஏதாச்சும் ஒண்ணு செஞ்சு கொண்டாந்து, எப்பிடிச் செஞ்சேன்னு பத்து நிமிசம் எல்லாருக்கும் கேக்குற மாதிரி சொல்லு. பிறகு பாப்போம்" என்றாராம்.

அந்த வாரம் செவ்வாய்க்கிழமைதான் எங்கள் வீட்டுக்கு ஃபிரிட்ஜ் வந்திருந்தது. பெல்சியின் தம்பி லூர்து பிரகாஷ் தூத்துக்குடிக்கு மாற்றலாகிப் போகும்போது எங்களிடம் விட்டுவிட்டுப் போனான். ஜெசி அன்றே முடிவு செய்துவிட்டாள். அடுப்பில் வேகவைக்காத மாம்பழ பிஸ்கட் ஐஸ். மேரி பிஸ்கட்டைப் பொடித்து, உருக்கிய வெண்ணெயில் பிசறி, தட்டில் அடை மாதிரி அழுத்த வேண்டும். ஐந்து நாள் சேர்த்த பாலாடையை நுரைக்க அடித்து, டின்னில் வரும் கெட்டிப்பாலும் மாம்பழச் சாறும் கலந்து மேலே ஊற்ற வேண்டும். ஃபிரீசரில் வைத்தால் ராத்திரியில் தானே உறைந்துவிடும்.

"சின்னப் பிள்ளைகூடச் செய்யலாம்ணே" என்றாள்.

அதனால் நானும் சேர்ந்துகொண்டேன். தட்டை அளந்தேன். ஒன்பதுக்கு ஏழு அங்குலம், ஆழம் இரண்டு. இருபத்து நாலு துண்டு வர எங்கெங்கே வெட்ட வேண்டும் என்று தட்டின் விளிம்பில், துணியில் குறி போடும் சாக்குக் கட்டியால் கோடு போட்டேன். பிஸ்கட் பொடியைத் துணி சலிக்கிற சல்லடையில் சலித்துவிடுகிறேன் என்றேன்.

"துணியை எங்கண்ணே சலிக்கிறீக?" என்று ஜெசி கேட்டாள்.

மாவுச் சல்லடையில் சலித்தேன். குறிப்பை என் கையெழுத்தில் கார்பன் வைத்து ஐந்து பிரதி எழுதி, ஒன்றைச் சனிக்கிழமையே டீச்சரிடம் கொடுத்துவிட்டு வந்தேன். கடைசி வரி: ஃபிரீசரில் எட்டு மணி நேரம்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் ஜெசி ஃபிரீசரைத் திறந்து விரலால் தட்டிப் பார்த்தாள். பலகை மாதிரி சத்தம் வந்தது. அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே. மூன்றாவது பெஞ்சு என்ன, முப்பதாவது பெஞ்சுக்கே கேட்கும்படி பேசிவிடுவாள் என்று எனக்குத் தோன்றியது. அன்று கோயிலில் பிள்ளைகளுக்குப் புதுநன்மை, முதன்முறையாக நற்கருணை வாங்கும் நாள். பிள்ளைகளுக்கு முடி பின்னி விட வேண்டும் என்று அவள் முன்னாடியே போய்விட்டாள். பெல்சி வாசலில் போய் நின்றாள். நான் வீட்டைப் பூட்டத் தொடங்கினேன்.

எங்கள் வீட்டைப் பூட்டுவது சின்னக் காரியம் இல்லை. கேஸ் மூடியிருக்கிறதா என்று இரண்டு தடவை. கொல்லைக் கதவு, ஜன்னல் கொக்கி. கடைசியாக மெயின் ஸ்விட்ச். ஒரு தடவை அயர்ன் பெட்டியை மறந்து போய் ஒரு மாப்பிள்ளையின் பேன்ட் கருகியதிலிருந்து, வீட்டில் ஆள் இல்லாதபோது மெயினை இறக்கிவிடுவது என் வழக்கம். அதுவரை எங்கள் வீட்டில் மெயினை இறக்கினால் வருத்தப்படும் பொருள் எதுவும் இருந்ததில்லை.

இறக்கினேன். உறுமிக்கொண்டிருந்த ஃபிரிட்ஜ் நின்றது.

இந்த இடத்தில் வேறு எந்த மனிதனுக்கும் புத்தி வந்திருக்கும். எனக்கு வந்தது ஞாபகம். ஃபிரிட்ஜோடு கொடுத்த புத்தகத்தைச் செவ்வாய்க்கிழமை முழுவதும் உட்கார்ந்து படித்திருந்தேன். மின்சாரத்தை நிறுத்தி வைத்தால், வாடை அடிக்காமல் இருக்கக் கதவைச் சற்றுத் திறந்து வைக்கவும் என்று அதில் போட்டிருந்தது. கடையிலிருந்து கொண்டு வந்த நூல் கட்டையை இடுக்கில் கொடுத்து, கதவை ஒன்றரை அங்குலம் திறந்து வைத்தேன். உள்ளே ஃபிரீசருக்குத் தனிக் கதவு. அதற்குச் சின்னக் கட்டை. பிறகு பூட்டை நான்கு தடவை இழுத்துப் பார்த்துவிட்டு, கடமையைச் செய்த நிம்மதியில் பூசைக்குப் போனேன்.

பூசை நீளம். அதற்குப் பிறகு புதுநன்மைப் பிள்ளைகளுக்குக் காலை உணவு. நாங்கள் திரும்பும்போது பத்தரை. ஜெசிதான் முதலில் உள்ளே போனாள். நேராகச் சமையலறைக்கு. நானும் பின்னாலேயே போய்ப் பார்த்தேன். ஃபிரிட்ஜிலிருந்து மஞ்சளாக ஒரு ஓடை தரையில் இறங்கி அம்மி வரை வந்திருந்தது. தட்டில் பிஸ்கட் அடை கிளம்பி மிதந்தது. என் சாக்குக் கோடுகள் மட்டும் அழியாமல் இருந்தன.

ஜெசி இரண்டு நூல் கட்டைகளையும் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது என்னண்ணே?"

"புத்தகத்துல போட்டிருந்துச்சு."

"ஐஸ் வைக்கிற பொட்டியைத் திறந்து வைக்கச் சொல்லியா?"

"நிப்பாட்டுனா."

"யாரு நிப்பாட்டச் சொன்னது?"

நான் புத்தகத்தை எடுத்து அந்தப் பக்கத்தைத் தேடினேன். பெல்சி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு தரையைத் துடைக்க ஆரம்பித்தாள். "போன வருசம் ஒங்க வகுப்பை நீங்களே கெடுத்தீக. இந்த வருசம் தங்கச்சி வகுப்பையும் கெடுத்தாச்சு. இனி மண்டபத்துக்கு வெள்ளை அடிக்கிறது மட்டும்தான் பாக்கி" என்றாள்.

நான் டீச்சரிடம் போய், ஜெசிக்குக் காய்ச்சல் என்று சொல்லிவிடுவதாகச் சொன்னேன். ஜெசி கேட்கவில்லை. தட்டில் விரலை விட்டு நக்கிப் பார்த்தாள்.

"கெட்டுப்போகல. இன்னும் சில்லுன்னுதான் இருக்கு" என்றாள். பிறகு, "ஐஸ் வண்டிக்காரர் பெட்டிக்குள்ள கல் உப்பைப் போட்டுத்தான் ஐஸைக் கரையாம வச்சிருப்பாரு. உப்புப் போட்டா ஐஸுக்குக் குளிர் கூடும்னு சொன்னாரு. குல்ஃபி அப்பிடித்தான் உறைய வைப்பாகளாம். அண்ணே, மீன் மார்க்கெட்டுக்குப் போயி ஐஸ் கட்டி வாங்கிட்டு வாரீகளா?" என்று கேட்டாள்.

சைக்கிளில் பறந்தேன். பறந்தேன் என்பது என் கணக்கு. திரும்பும் வழியில் ஐஸ் சுற்றிய சாக்கு நேராகக் கட்டியிருக்கிறதா என்று இரண்டு இடத்தில் இறங்கிப் பார்த்தேன். உமி போட்டுச் சாக்கில் சுற்றிய பெரிய கட்டி. பாதிக் கட்டி வீடு வந்து சேர்ந்தது.

ஜெசி அதற்குள் பிஸ்கட்டும் மாம்பழமும் சேர்த்துக் கலக்கி, இறுக்கமான மூடி போட்ட இரண்டு தூக்குச்சட்டிகளில் ஊற்றியிருந்தாள். பிரியாணி அண்டாவின் நடுவில் தூக்குகளை வைத்து, சுற்றிலும் ஐஸை உடைத்துப் போட்டாள்.

"மூணு கை ஐஸுக்கு ஒரு கை உப்புப் போடுங்கண்ணே."

"யாரு கை?"

"என்னது?"

"ஒன் கையா, என் கையா? ரெண்டுக்கும் வித்தியாசம் இருக்குல்ல."

"அண்ணே, நீங்க அங்குட்டுப் போயி உக்காருங்க" என்றாள். பெல்சி உப்பைப் போட்டாள்.

காதைப் பிடித்து, தூக்கை இடமும் வலமுமாகத் திருகிக்கொண்டே இருக்க வேண்டும். அவ்வப்போது திறந்து, ஓரத்தில் உறைந்ததைக் கரண்டியால் சுரண்டி நடுவில் விட வேண்டும். மூடியில் உப்புத் தண்ணீர் ஏறிவிடக் கூடாது. மூன்றரை மணிக்கு ஓரம் கெட்டியாகிவிட்டது. நடு இன்னும் கூழ். விருந்து நாலு மணிக்கு. பெல்சி கிண்ணங்களோடு முன்னால் நடக்க, அண்டாவை அப்படியே சைக்கிள் கேரியரில் கட்டி நான் தள்ள, ஜெசி பின்னால் பிடித்துக்கொண்டு வந்தாள். வீட்டு வாசலிலிருந்து மண்டபம் வரை ரோட்டில் ஒரு ஈரக் கோடு போட்டுக்கொண்டே போனோம். அதுவும் நேராக இல்லை.

மண்டபத்தில் முப்பது பெண்களுக்குக் குறையாது. செபஸ்தியம்மாள் டீச்சர் அண்டாவைக் குனிந்து பார்த்தார்.

"என்ன பிள்ளை, மீன் வாடை வருது?"

"ஐஸ் சுத்துன சாக்கு வாடை டீச்சர். உள்ள வராது" என்றாள் ஜெசி. அது டீச்சருக்கே கேட்கவில்லை. எனக்குக் கேட்டது, ஏனென்றால் நான் அவள் உதட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவளை மேடைக்குப் போகச் சொன்னார்கள். ஆனால் தூக்கை விட்டுவிட்டுப் போனால் நடு உறையாது. அதனால் அவள் அண்டாவுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து திருக ஆரம்பித்தாள். பெண்கள் ஒவ்வொருவராக எழுந்து வந்து சுற்றி நின்றார்கள்.

"உப்பு உள்ள எறங்கிறாதா?" என்று ஒருத்தி கேட்டாள்.

"மூடி இறுக்கமா இருக்கணும்க்கா. தண்ணி பாதி உசரத்துக்கு மேல ஏறவிடக் கூடாது. இந்தா பாருங்க."

"எம்புட்டு நேரம் திருகணும்?"

"கை வலிக்கிற வரைக்கும். வலிச்சதும் கொழுந்தியாகிட்டக் குடுத்துறணும்."

சிரித்தார்கள். பின்னால் நின்றவர்களுக்குத் தெரியவில்லை என்று எட்டிப் பார்க்க, ஜெசி தலையை நிமிர்த்தாமல் அவர்களுக்காகச் சத்தமாகச் சொன்னாள். பிஸ்கட், வெண்ணெய், பாலாடை, மாம்பழம். கை வேலையில் இருந்ததால் வாய்க்குப் பயப்பட நேரம் இல்லாமல் போயிருக்க வேண்டும். கதவோரம் நின்ற எனக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்டது. நான் பத்து நிமிடம் என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இருபத்து மூன்று ஆனது.

தூக்கைத் திறந்தாள். கரண்டி நின்றது. ஊறிய பிஸ்கட் உள்ளே கேக் துண்டு மாதிரி ஆகியிருந்தது. சின்னக் கிண்ணங்களில் ஆளுக்கு இரண்டு கரண்டி. இருபத்து நாலு சதுரத் துண்டாக வந்திருந்தால் ஆறு பேருக்குக் கிடைத்திருக்காது. இதை நான் பிறகுதான் கணக்குப் பார்த்தேன்.

டீச்சர் கிண்ணத்தை வழித்துச் சாப்பிட்டுவிட்டு, கைப்பையிலிருந்து என் கார்பன் பிரதியை எடுத்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டார்.

"இதுல ஃபிரீசர்னு எழுதியிருக்கு. நீ அண்டாவுல செஞ்சிருக்க. எது சரி?"

கரண்ட் போயிருச்சு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். காரைக்குடியில் யார் சந்தேகப்படப் போகிறார்கள்? ஜெசி என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஃபிரீசர்லதான் வச்சேன் டீச்சர். நல்லா உறைஞ்சிருச்சு. காலையில எங்கண்ணன் மெயினை இறக்கிட்டு, காத்தாடட்டும்னு கதவையும் தெறந்து வச்சிட்டாரு."

முப்பது பேரும் கதவோரம் திரும்பினார்கள். நூல் கட்டை விஷயத்தையும் அவள் விடவில்லை. போன வருடம் என் வகுப்பிலிருந்து நின்றுபோனவர்கள் அதில் பத்துப் பேராவது இருந்தார்கள். அவர்கள் சிரித்தது கொஞ்சம் நீளமாகவே இருந்தது.

சிரிப்பு அடங்கியதும் டீச்சர் கேட்டார்: "வீட்டுல ஃபிரிட்ஜ் இருக்கவுக கையைத் தூக்குங்க."

ஐந்து கைகள். அதில் ஒன்று பெல்சியுடையது. அவளுக்குத் தூக்கப் பிடித்திருந்தது.

"பெறகென்ன, அண்டாவே இருக்கட்டும். புதன்கிழமை வகுப்பை ஆரம்பிச்சிரு" என்றார் ஜெசியிடம். பிறகு என் பக்கம் திரும்பி, "தம்பி, நீங்க வர வேணாம்" என்றார்.

புதன்கிழமை காலை. பதினெட்டுப் பேர் பெயர் கொடுத்திருந்தார்கள். முதல் நாள் என்பதால் அண்டாவைக் கொண்டுபோய் வைத்துவிட்டு வரும் அளவுக்கு மட்டும் எனக்கு அனுமதி. பெல்சியும் வகுப்பில் சேர்ந்திருந்தாள். கேஸை இரண்டு தடவை பார்த்தேன். கொல்லைக் கதவு, ஜன்னல் கொக்கி. அந்த வரிசையிலேயே கை மெயின் ஸ்விட்சுக்கு உயர்ந்தது.

"அண்ணே" என்று வாசலிலிருந்து குரல் வந்தது. ஜெசி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எதிர்வீட்டில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார், அவ்வளவு சத்தம்.

கையை இறக்கினேன். பூட்டை மட்டும் நான்கு தடவை இழுத்துப் பார்த்தேன்.