பெல்கிரேடுக்காரர் எடுத்த கல்

ரொசாந்தா பெராஸ்ட் என்ற கடலோர ஊரின் துறையில் படகு ஓட்டுகிறவள். எதிரே தெரியும் மாதா கோயில் தீவுக்கு வெளியூர்க்காரர்களைக் கூட்டிப்போய் வருவதுதான் அவள் பிழைப்பு. அந்தத் தீவு தானாக முளைத்ததில்லை. ஊர்க்காரர்கள் தலைமுறை தலைமுறையாகப் படகில் கல் கொண்டுபோய்க் கடலில் போட்டு எழுப்பியது. இன்றைக்கும் வருஷத்துக்கு ஒரு சாயங்காலம் போடுகிறார்கள்.

அன்றைக்குத் திரும்பும்போது பெல்கிரேடுக்காரர் ஒருவர் பையில் தீவுக் கல் ஒன்றைத் திணிப்பதைப் பார்த்துவிட்டாள். எஞ்சினை நிறுத்தினாள்.

"போற நாட்டுல எல்லாம் ஒரு கல் எடுப்பேம்மா. கிரீஸ், இத்தாலி எல்லாம் என் அலமாரியில இருக்கு. ஒத்தக் கல்லுதானே?"

"அங்கெல்லாம் கல்லு மலை குடுத்தது. இது எங்க ஆளுங்க சுமந்து போட்டது, ஐயா. திருப்பிப் போடுங்க."

பக்கத்துப் படகுக்காரன் நிக்ஷா குரல் கொடுத்தான். "என்னக்கா, எஞ்சின் படுத்துருச்சா?"

"எஞ்சின் நல்லாத்தான் இருக்கு. நீ உன் சோலியப் பாரு."

படகில் இருந்த மற்ற பயணிகள் முணுமுணுத்தார்கள். அவள் மடியிலிருந்த அத்திப்பழத்தை எடுத்து நிதானமாகத் தின்ன ஆரம்பித்தாள். கடைசியில் அவரே, "சரி, படகத் திருப்புங்க" என்றார்.

தீவின் ஓரத்தில் கல்லைத் தண்ணீரில் போட்டார். ரொசாந்தா அவரிடம் ஓர் அத்திப்பழத்தை நீட்டினாள்.

"எடுத்துட்டுப் போன ஊர் உங்களுக்கு நெறைய இருக்கு. போட்டுட்டுப் போன ஊர் இது ஒண்ணுதான்."