வத்தக விதை

நேற்று நோன்பு திறக்க, உள்ளே சிவந்து நீர் நிறைந்த வத்தகப்பழம் வெட்டியபோது எழுந்த வாசத்தில், கடல் கொண்டுபோன எங்கள் கல்முனை வீட்டு முற்றம் திரும்பி வந்தது. “விதைய முழுங்காதடி, மணல்ல துப்பு” என்பார் உம்மா. யார் தூரம் என்று போட்டிபோட்டுத் துப்புவோம். பெருநாளன்று முற்றமெங்கும் முளைகள் இரண்டு இலைகளை விரித்து நிற்க, அவற்றுக்காக உம்மா அன்றுகூட முற்றம் கூட்டமாட்டார். அவரையும் அந்தக் கடல்தான் கொண்டுபோனது.

இன்று அந்தப் பழத்தின் விதைகளைக் கையில் பொத்திக்கொண்டு வீடு இருந்த இடத்துக்குப் போனேன்.

“கடலுக்கு இவ்வளவு கிட்ட இஞ்ச ஒண்டும் கட்ட ஏலா, தெரியுந்தானே?” என்றார் ஓர் அதிகாரி.

நோன்பு வாயில் விதையைப் போட்டுத் துப்ப முடியாது. உம்மா சமைத்த குசினி இருந்த பக்கமாகக் கைநிறைய வீசினேன்.

“நான் கட்டல்ல சேர். பெருநாளைக்கு வந்து பாருங்க, ரெண்டு ரெண்டு இலையா நிக்கும்.”