வகுப்பில் புகுந்த மாமா

பிசியோதெரபிஸ்டாக இருபத்தாறு வருடம் முட்டியையும் தோளையும் மடக்கி நீட்டினேன். ஓய்வுபெற ஒரு வருடம் இருக்கையில், புற்றுநோய்ப் பிரிவின் ஆன்லைன் வகுப்பை என் தலையில் கட்டினார்கள். மூச்சுப் பயிற்சி, நாற்காலியில் உட்கார்ந்தபடி யோகா, கடைசியில் கண்மூடி உடம்பைத் தளர்த்துவது. சிகிச்சையில் இருப்பவர்கள் வீட்டிலிருந்தே போனில் சேர்வார்கள். "ரொம்ப சிம்பிள் மேடம்" என்றார் டாக்டர். சிம்பிளான வேலை எதையும் அவர் எனக்குக் கொடுத்ததில்லை.

முதல் வகுப்பில் பதினோரு பேர். ராதாபுரம் செண்பகம் டீச்சருக்கு இரண்டு கீமோ முடிந்திருந்தது. வியாழக்கிழமை மூன்றாவது. வகுப்பு தொடங்குமுன்பே சொல்லிவிட்டார்: "இனி ஊசிக்கு நான் வரல மேடம். பயமா இருக்கு." மூச்சை ஒழுங்காக விட்டால் பயம் குறையும் என்று, பயிற்சியில் படித்ததை அப்படியே ஒப்பித்தேன்.

எல்லாரும் கண்ணை மூடியிருந்தபோது டீச்சர் வீட்டுக் கதவு திறந்தது. ஆப்பிள் பையோடு அவருடைய மாமா. நம் பக்கத்தில் உடம்புக்கு முடியாதவரைப் பார்க்க வருபவர் பழமும் கொண்டுவருவார், அதே நோயில் இறந்தவர் கதையும் கொண்டுவருவார்.

"ஏட்டி, இங்கன கண்ண மூடிக்கிட்டு என்ன செய்யுத? எங்க சகலைக்கும் இந்த நோவுதான். மூணாவது ஊசி போட்டாவ, ஆளு போய்ட்டாரு."

பதினோரு பேருக்கும் தெளிவாகக் கேட்டது. டீச்சர் முகம் வெளுத்துவிட்டது. மாமாவை ம்யூட் செய்யப் பொத்தானைத் தேடினேன். என் கேமராதான் அணைந்தது.

வகுப்பில் இருந்த மேலப்பாளையம் காதர் பாய் கண்ணைத் திறக்காமலே கேட்டார்: "அண்ணாச்சி, ஒங்க சகலைக்கு எங்கன வந்தது?"

"குடல்ல."

"எனக்கும் குடல்தான். பத்து வருசம் முந்தி பன்னெண்டு ஊசி போட்டாவ. இப்ப திரும்ப வந்திருக்கு, திரும்பப் போடுதேன். மூணாவது ஊசிக்கு வாந்திதான் எடுத்தேன். மவுத்தாவல, உசுரோடத்தான் இருக்கேன்."

யாரோ சிரித்தார்கள். பார்த்தால், டீச்சர்.

"அப்ப நான் வாரேன்" என்று மாமா பையைக் கீழே வைத்தார்.

"எங்க போறிய? உக்காந்து மூச்ச இழுங்க" என்றார் பாய். மாமா உட்கார்ந்து இழுத்தார்.

வியாழக்கிழமை டீச்சர் வந்து ஊசி போட்டுக்கொண்டார். வெளியே பெஞ்சில் மாமா, வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தார்.

புதிதாக வகுப்பெடுக்க வருபவர்களுக்கு ஒன்று சொல்வேன். ம்யூட் எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள், ஆனால் அவசரப்பட்டு அழுத்தாதீர்கள். அன்று எனக்குத் தெரிந்திருந்தால் மொத்தப் பேர் வாயையும் அடைத்திருப்பேன், பாய் வாயையும் சேர்த்து.

அந்த மாத ரிப்போர்ட்டில், மூச்சுப் பயிற்சியால் ஒரு நோயாளி சிகிச்சையைத் தொடர்ந்தார் என்று எழுதினேன். டாக்டர் பாராட்டினார். காதர் பாய் பெயரை நான் எழுதவில்லை. அதற்கு இன்றும் வெட்கப்படுகிறேன்.